கிழிந்த துணிக்கூரை: கழுவுவதா, தைப்பதா, மாற்றுவதா?

மடித்துத் திறக்கும் துணிக்கூரை உள்ள காடி (கார்) வைத்திருப்பவர்களில், போன மாதம் மட்டும் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பட்டர்வொர்த்தில் மினி வைத்திருக்கும் ஓர் ஆசிரியர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஹோண்டா எஸ்2000 ஓட்டும் ஒரு தம்பி, அப்புறம் என் அக்கா மகன். "கூரைத் துணி நைஞ்சு போச்சு மாமா. கடையில முழுசா மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடவா?" மூவரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எந்த இடத்தில் நைந்திருக்கிறது?

ஒருவருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. "பின்னால எங்கேயோ", "பக்கத்துல" என்றார்கள். கூரை கிழிந்தால் நாம் கூரையைத்தான் பார்க்கிறோம், கிழிந்த இடத்தைப் பார்ப்பதில்லை. பினாங்கில் பதினோரு வருஷமாக ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்துக்கொண்டு, அதன் கூரைக்காகச் செய்யக்கூடிய தப்பெல்லாம் செய்து முடித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: துணியா, பிவிசி என்ற பிளாஸ்டிக்கா, எவ்வளவு செலவு என்ற கேள்விகளெல்லாம் அடுத்த கட்டம். நைந்த இடம்தான் பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

இடம். துணிக்கூரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் உள்பக்கம் மடியும் பகுதி, சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் அடியிலிருந்து அழுத்தும் கோடுகள், பின் கண்ணாடியின் ஓரம், தையல் வரிசை. பெரும்பாலான கோளாறு இந்த நான்கில்தான். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் இருபது காசு அளவுக்கு ஓர் ஓட்டை, அதன் ஓரத்தில் பஞ்சு மாதிரி இழை பிரிந்து நின்றால், குற்றவாளி துணி இல்லை. கூரையை மடிக்கும்போது துணியை உள்ளே இழுத்துக்கொள்வதற்கென்று மெல்லிய கம்பியோ எலாஸ்டிக் பட்டையோ உண்டு. அது தளர்ந்தால் அல்லது அறுந்தால், மடிக்கும் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் மூட்டு துணியைக் கடிக்கும். அதைச் சரிசெய்யாமல் புதுக்கூரை போட்டால், புதுக்கூரையிலும் அதே இடத்தில் அதே இருபது காசு ஓட்டை விழும்.

எந்த அடுக்கு. நல்ல துணிக்கூரை மூன்று அடுக்கு. மேலே அக்ரிலிக் நெசவு, கீழே பருத்தியோ பாலியஸ்டரோ, நடுவில் ரப்பர். (நம் பாட்டன் பாட்டி பால்மரம் சீவி எடுத்த ரப்பர் அல்ல, செயற்கை ரப்பர்.) இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து மழையைத் தடுக்கும் யோசனைக்கு சார்லஸ் மேக்கின்டாஷ் 1823-இல் காப்புரிமை வாங்கினார். ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கு 'மேக்கின்டாஷ்' என்று அவர் பெயர் வந்தது அப்படித்தான். உங்கள் கூரையும் ஒரு பெரிய மழைக்கோட்டுதான். தண்ணீரைத் தடுப்பது நடு அடுக்கு. மேல் துணி வெளுத்துப்போனாலும் ரப்பர் நன்றாக இருந்தால் கூரை ஒழுகாது. ரப்பர் வெடித்துவிட்டால், நீர் ஒட்டாமலிருக்க மேலே எத்தனை புட்டி மருந்து அடித்தாலும் ஒழுகும்.

எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள். அடுத்த வருஷம் விற்கப்போகிறவரும், மகனுக்குக் கொடுக்கப்போகிறவரும் ஒரே செலவைச் செய்யக் கூடாது.

காடி இரவும் பகலும் எங்கே நிற்கிறது. இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். ஓடும்போது தேய்வதைவிட நிற்கும்போதுதான் கூரை அதிகம் கெடுகிறது.

கையால் மடிப்பதா, மோட்டாரா. எம்எக்ஸ்-5 கூரையைக் கையால் மடிப்போம், அதைப் பிரித்துப்போட, காடி இருக்கைக்கு உறை தைக்கும் ஒரு நல்ல குஷன் கடை போதும். எஸ்2000-க்கு மோட்டார் உண்டு, ஆனாலும் அமைப்பு எளிது. மினி, பிஎம்டபிள்யூ இசட்4 போன்றவற்றில் சென்சார்களும் கூடுதல் நுணுக்கமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காடியின் கூரையை முன்பு கழற்றி மாட்டியவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

இனி ஒரு சோதனை. நண்பகல் வெயிலில் கூரையை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். உள்துணி தனியாகத் தைக்கப்படாத கூரை என்றால் நைந்த இடமெல்லாம் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் காட்டும். தையலோரம் மட்டும் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஊசித்துளை. பரந்த துணியில் சிதறித் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது. அப்புறம் இருக்கைகளிலும் தரையிலும் பழைய நாளிதழை விரித்து, குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பத்து நிமிஷம் கூரைமேல் விடுங்கள். நாளிதழ் எங்கே நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேட வேண்டும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை, தண்ணீர் சட்டத்தின் கம்பி வழியே ஓடி வேறிடத்தில் சொட்டும். கம்பியின் மேல் முனை வரை விரலால் தடவிப்போனால் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பு நனைந்திருந்தால் கூரையைப் பழிக்கும் முன் வடிகாலைப் பாருங்கள். எம்எக்ஸ்-5-இல் இருக்கைப்பட்டைத் தூணுக்குப் பின்னால் இருபுறமும் ஒரு வடிகால் உண்டு. ஒரு குவளை தண்ணீரை அதில் ஊற்றினால் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் இலையும் மண்ணும் அடைத்திருக்கிறது. அப்படியே விட்டால் கதவுக்குக் கீழுள்ள தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். இசட்4-இன் முதல் தலைமுறையில் இதே அடைப்பு கூரை மோட்டாரையே மூழ்கடித்துவிடும். கூரைக்குப் பணம் கட்டிய பிறகும் தரை நனைவதைப் பார்த்து நொந்தவர்களில் பலர் இந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்காதவர்கள்.

| எங்கே, எப்படி | பெரும்பாலும் காரணம் | முதலில் யோசிக்க வேண்டியது |
|---|---|---|
| மடிப்பில் சிறு ஓட்டை | அறுந்த கம்பி அல்லது எலாஸ்டிக் | கம்பியை மாற்றி உள்ளிருந்து ஒட்டுப்போடுதல் |
| தையல் பிரிந்து, துணி திடமாக | வெயிலில் இற்ற நூல் | மறுதையல் |
| வெளுப்பு, பச்சைப் பாசி, ஒழுகல் இல்லை | பராமரிப்பு இல்லாமை | கழுவி மருந்தடித்தல் |
| பின் கண்ணாடி ஓரம் விலகல் | பசை விட்டது | கண்ணாடியை மட்டும் மீண்டும் ஒட்டுதல் |
| பரந்த துணியில் வெளிச்சப் புள்ளிகள் | ரப்பர் அடுக்கு போய்விட்டது | புதுக்கூரை |
| பிவிசியில் வெடிப்பு | பிளாஸ்டிக் காய்ந்தது | புதுக்கூரை, வேறு வழியில்லை |

## கழுவி, மருந்தடிப்பது

ஆகக் குறைந்த செலவு. ஒரு விடுமுறை நாளும் சில புட்டிகளும் போதும். ஆனால் இதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

மருந்து என்று நாம் சொல்வது நீர் ஒட்டாமல் செய்யும் திரவம். அது மேல் நெசவு தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். துணி ஈரமாகவே கிடக்காததால் பாசி பிடிப்பது குறையும், மடிக்கும்போது கனக்காது. ஒழுகலை நிறுத்தாது. பிவிசிக்கு வேறு மருந்து, துணிக்கு வேறு. டயர் பளபளப்புக்கு அடிக்கும் சிலிக்கானைக் கூரையில் அடிக்கவே கூடாது.

கழுவுவதில்தான் நம்மூரில் கூரைகள் சாகின்றன. வாரா வாரம் ஸ்னோ வாஷில் (நுரை அடித்துக் காடி கழுவும் கடை) விடுகிறோம். அவர்கள் மேல் தப்பில்லை, எல்லாக் காடிக்கும் அடிக்கிற அழுத்தத் தண்ணீரைத்தான் இதற்கும் அடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் தையல் துளை வழியே உள்ளே இறங்கும், நெசவின் இழையைக் கிளப்பிவிடும். துணிக்கூரை என்றால் "கூரைமேல மட்டும் தண்ணி அடிக்காதீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, கூரையை வீட்டில் மெல்லிய பிரஷும் குழந்தை ஷாம்புவும் வைத்து நெசவு போகும் திசையிலேயே தேயுங்கள். பாசிக்குப் பயந்து குளோரின் ஊற்றாதீர்கள், நூலுக்கு ஆகாது. பறவை எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டினால் இழையும் சேர்ந்து வரும். ஈரத்துணியைக் கால் மணி நேரம் அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும்.

மறைந்திருக்கும் சிக்கல் மருந்தில் இல்லை, வானத்தில் இருக்கிறது. கூரை முழுக்கக் காய்ந்த பிறகு அடித்து, அடித்த பிறகும் ஒரு நாள் நனையாமல் இருக்க வேண்டும். பினாங்கில் அப்படி நம்பி உட்காரக்கூடிய காலம் ஜனவரி, பிப்ரவரி. நான் தைப்பூசத்தை ஒட்டி அடிக்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி கிளம்பும் நாள்களில் வெயில் ஏமாற்றியது குறைவு. கோலாலம்பூரில் பிற்பகல் மழையை நம்பி எதையும் திட்டமிட முடியாது. அங்கே இருப்பவர் கூரையுள்ள நிறுத்துமிடத்தில் வைத்துச் செய்வதே நல்லது.

சாயம் பூசுவது இதன் தம்பி. வெளுத்த கறுப்பு மறுபடி கறுப்பாகும், படத்துக்கு அழகாக இருக்கும். அக்ரிலிக் இழைக்கு நிறம் நூலாகும் முன்பே கலக்கப்படுகிறது. நாம் பிறகு பூசுவது மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், நாளாக நாளாக மழையில் கரையும். விற்பதற்குமுன் பூசுகிறவர்கள் உண்டு. அப்படிப் பூசிய காடியை வாங்கப்போகிறவருக்கு ஒரு வார்த்தை: வெள்ளைத் துணியை நனைத்துக் கூரையில் தேய்த்துப் பாருங்கள்.

## தையலும் ஒட்டும்

என் காடிக்கு நடந்ததை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். ஐந்தாறு வருஷத்துக்கு முன் இடப்பக்கத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்தது. முதல் கடையில் எட்டிப் பார்த்துவிட்டு, முழுக்கூரை என்றார்கள். இரண்டாவது கடையில் தைத்தே கொடுத்தார்கள், இருக்கை உறைக்குப் போடும் நூலில். வெயிலில் நின்ற காடி அது. இரண்டாவது வருஷம் நூல் தூளாகி உதிர்ந்தது. விரலால் இழுத்தால் நூல் வரவில்லை, மாவு வந்தது.

மூன்றாவதாகப் பிறை என்ற ஊரில், லோரிக்குக் கித்தான் தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கூரையைப் பார்க்கவில்லை. பிளந்த இடத்தில் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, பலமாக இரண்டு பக்கம் இழுத்தார். கிழியவில்லை. "துணி நல்லாத்தான் இருக்கு தம்பி. நூல்தான் செத்துப்போச்சு" என்றார். எனக்கு அன்றைக்கு மிச்சமானது ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்).

அவர் தைத்த விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காடியின் மேலிருக்கும் கூரைக்குத் தையல் மெஷினைக் கொண்டுபோக முடியாது. பிறை நிலா மாதிரி வளைந்த ஊசி ஒன்றை எடுத்தார். நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்தார். பிறகு, பழைய ஊசித்துளை ஒன்றைக்கூட விடாமல், அதே துளைகள் வழியாகவே ஊசியை விட்டு எடுத்தார். புதுத்துளை போட்டால் ரப்பரில் இன்னொரு ஓட்டை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசைத் துளை விழுந்தால் துணி தபால்தலை மாதிரி ஓரத்தோடு கிழிந்து வந்துவிடும். ஒரு சாணுக்கு முழுசாக ஒரு மணி நேரம். முடிந்ததும் உள்பக்கத்திலிருந்து தையல்மேல் அடைப்புப் பசை தடவினார். அந்தத் தையல் இன்றைக்கும் நிற்கிறது.

தைக்கக் கொடுக்கும்போது கேட்க வேண்டியது நூலைத்தான். பருத்தி நூல் இற்றுவிடும். நைலான் பலம்தான், வெயிலில் பலம் இழக்கும். வெயில் தாங்கும்படி செய்த பாலியஸ்டர் நூல் சரியான தேர்வு. டெனாரா போன்ற பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூல் இன்னும் நல்லது, வெயில் அதை ஒன்றும் செய்யாது, விலை பல மடங்கு. குஷன் கடையில் இல்லை என்றால் படகுக் கூரைத் துணி தைப்பவர்களிடம் விசாரியுங்கள். நூல் நம் கையில், கூலி அவர் கையில் என்று ஏற்பாடு செய்வதில் தப்பே இல்லை.

ஒட்டுப்போடுவது கொஞ்சம் வேறு. மேலிருந்து ஒட்டினால் அசிங்கம், தண்ணீரும் ஓரத்தில் புகும். உள்பக்கமிருந்து, ஓட்டையைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலான துணியை வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டும். மூலை வைத்து வெட்டினால் மூலைதான் முதலில் எழும். செருப்புக்கடைப் பசை வேண்டாம், நண்பகலில் கறுப்புக் கூரை சுடும் சூட்டில் இளகிவிடும். நிறமும் முழுதாகப் பொருந்தாது. புதிய மினியில் நெசவிலேயே பிரிட்டிஷ் கொடி வடிவம் வரும் கூரை ஒன்று உண்டு. அதில் ஒட்டுப் போட்டால் கொடிக்கு மச்சம் வைத்த மாதிரி இருக்கும்.

பின் ஜன்னலும் இந்த வகையில்தான் வரும். எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறைக்கும் ஆரம்பகால எஸ்2000-க்கும் பிளாஸ்டிக் ஜன்னல். அது நம் வெயிலில் மஞ்சளாகி மங்கும், மடிப்பில் வெடிக்கும். கூரை நன்றாக இருந்தால் ஜன்னலை மட்டும் மாற்றித் தைக்கலாம். கண்ணாடி ஜன்னல் துணியில் ஒட்டியிருக்கும் காடிகளில் பசை விட்டால், கடையில் உடனே முழுக்கூரை என்பார்கள். துணி சுருங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுருங்கிய துணி கண்ணாடியை மறுபடி பிய்க்கும், ஒட்டுவது வீண். சுருங்கவில்லை என்றால் முன்கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பசையால் ஒட்டி, பசை இறுகும்வரை கூரையைத் திறக்காமல் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் செலவு பெரும்பாலும் நூறு வெள்ளிக் கணக்கில்தான். மறைமுகச் செலவு என்னவென்றால், மூன்று இடத்துக்கு மேல் ஒட்டுப் போட்ட கூரையைப் பார்த்து வாங்க வருகிறவர் காடியையே சந்தேகப்படுவார்.

## புது பிவிசி கூரை

பிவிசி என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை பெரும்பாலும் பிவிசி கூரையோடுதான் வந்தது. பாசி வேர்விட நெசவு இல்லை. மைனா எச்சமிட்டால் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம். விலை துணியைவிடக் குறைவு. திறந்த நிறுத்துமிடம், தலைக்கு மேலே மரம், மூன்று நான்கு வருஷத்தில் கைமாற்றும் எண்ணம் என்றால் நான் பிவிசியைத்தான் சொல்வேன்.

ஆனால் பிவிசியை மென்மையாக வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு சேர்க்கை. வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். அப்புறம் கூரை விறைக்கும், சுருங்கும், மடிப்பில் வெடிக்கும். வெடித்த பிவிசியைத் தைக்க முடியாது, ஊசி போன இடமெல்லாம் அடுத்த வெடிப்பு. துணி நைந்தால் பிழைக்க வழி உண்டு, பிவிசி வெடித்தால் அதோடு சரி. மழைச்சத்தமும் இதில் கூடுதல். வடிவத்தில் நிறைய வளைவு உள்ள காடிகளில் சுருக்கம் விழாமல் இழுத்துப் போடுவதும் சிரமம்.

## புதுத் துணிக்கூரை

"மோஹேர்" என்று கடைகளில் சொல்வார்கள். அங்கோரா ஆட்டின் முடிக்கு வந்த பெயர் அது. இன்று போடுவது அக்ரிலிக். ஆட்டு முடி என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டேஃபாஸ்ட், சோனன்லேண்ட் போன்ற பெயர்களைக் கேட்டு, துணியின் ஓரத்தை மடித்து மூன்று அடுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம் மெதுவாகத்தான் போகும், மடிப்பில் வெடிக்காது, உள்ளே சத்தம் குறைவு, நூலைப் பிடித்துக்கொள்ளும். காடியை நெடுநாள் வைத்திருப்பவருக்கு, கூரையுள்ள இடத்தில் நிறுத்துபவருக்கு இதுதான். மாதமொருமுறை கழுவச் சோம்பல்படுகிறவருக்கு வேண்டாம், ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும்.

பெரிய முடிவு துணியில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது. அந்தக் காடிக்கென்றே வெட்டித் தைத்து வரும் கூரையை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது ஒரு வழி. உள்ளூர் குஷன் கடையில் துணிச்சுருள் வாங்கி, உங்கள் பழைய கூரையை அளவாக வைத்துத் தைப்பது இன்னொன்று. இரண்டாவது மலிவு. ஆனால் பழைய கூரை பல வருஷம் இழுபட்டு நீண்டிருக்கும், அல்லது சுருங்கியிருக்கும். அதை அளவாக வைத்து வெட்டினால் அந்த நீட்டமும் சுருக்கமும் புதுக்கூரைக்கும் வந்துவிடும். கதவுக் கண்ணாடி மேல் ரப்பரில் சரியாக உட்காராமல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் விசில் அடிக்கும். பினாங்குப் பாலத்தில் பதின்மூன்றரை கிலோமீட்டரும் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டு போன ஒருவரை எனக்குத் தெரியும். தைப்பவர் முன்பு அதே மாடலுக்குத் தைத்திருந்தால், அவர் தைத்த காடியை நேரில் பார்க்க முடிந்தால் மட்டும் உள்ளூரில் கொடுங்கள்.

தருவித்தால் வரும் மறைமுகச் செலவுகளைக் கூட்டிப் பாருங்கள். கூரை பெரிய பெட்டி, கப்பல் கூலி தனி. 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கே 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதற்கு மேலென்றால் சுங்கக் கணக்கு வேறு. அப்புறம் ஆணி, பசை, கம்பிகள். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் பின்பக்கம் மழைநீரைப் பிடித்து வடிகாலுக்கு அனுப்பும் பிளாஸ்டிக் தகட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். பழைய தகடு வெயிலில் காய்ந்து கழற்றும்போதே விரிசல் விடும். அதை மறுபடி மாட்டினால் புதுக்கூரையின் முதல் மழையிலேயே தரை நனையும். பெட்டி வந்த பிறகு அந்தத் தகடு இல்லை என்று தெரிந்து, காடியைக் கூரையில்லாமல் மூன்று வாரம் தார்ப்பாய் போட்டு வைத்தவன் நான்தான்.

## ஹாஃப் கட் கடையிலிருந்து சட்டத்தோடு

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் காடிகளின் உதிரிப்பாகங்களில் சில நேரம் எம்எக்ஸ்-5, எஸ்2000 கூரைகள் சட்டத்தோடு கிடைக்கும். உங்கள் சட்டம் வளைந்திருந்தால், மூட்டு ஆடினால் இதை முதலில் தேடுங்கள். கழற்றி மாட்டுவது போல்ட் வேலைதான், தையல் வேலை இல்லை. மற்றபடி அது பழைய துணிதான். மடித்தபடி கடையின் மூலையில் எத்தனை மாதம் கிடந்ததோ. விரித்துக் காட்டச் சொல்லுங்கள். விரிக்க மறுத்தால் வேண்டாம்.

## கெட்டிக்கூரை

கெட்டிக்கூரை என்பது துணிக்கூரையை மடித்துவிட்டு மேலே மாட்டும், வளையாத தனிக்கூரை (ஹார்ட்டாப்). எம்எக்ஸ்-5-இன் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் ஒரே கழற்றும் கூரை பொருந்தும். மாட்டிவிட்டால் வெயிலும் மழையும் அதன் மேல்தான். ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும், அடுக்குமாடியில் வைக்க இடம் வேண்டும், அடியில் மடித்துவைத்த துணிக்கூரை ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும். நேர்மையாகச் சொன்னால், நம்மூரில் காலை பத்து மணிக்கு மேல் கூரையைத் திறந்து ஓட்டுகிறவர் காடியைப் புதிதாக வாங்கியவராகத்தான் இருப்பார். அதனால் சிலருக்கு இது சரியாகவே படும். பழையது கிடைத்தாலும் விலை துணிக்கூரையைவிடக் கூடுதல்.

## நிறுத்துமிடத்தின் கணக்கு

மரநிழலா, வெயிலா என்பது பினாங்கில் தினப் பிரச்சினை. அங்சானா மரத்தடியில் நிறுத்தினால் பூவும் பிசினும், தூங்குமூஞ்சி மரத்தடியில் காக்கை எச்சமும் ஈரமும். வெயிலில் நிறுத்தினால் நூல் சாகும். என்னைக் கேட்டால் துணிக்கூரைக்கு மரத்தடியைவிட வெயிலே தேவலை. பாசியையும் எச்சத்தையும் மாதம் நான்கு முறை தேய்ப்பதைவிட, சில வருஷத்துக்கு ஒருமுறை மறுதையல் போடுவது துணிக்கு நல்லது.

வெளியே போடும் காடி உறையும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி மாதிரி கடற்காற்று அடிக்கும் இடத்தில், உறைக்கு அடியில் சிக்கிய மணலோடு அது கூரைமேல் நாள் முழுக்க உரசும். மணற்காகிதம் போட்டுத் தேய்ப்பது மாதிரிதான்.

மாதச் சந்தாவில் கூரையுள்ள நிறுத்துமிடம் கிடைத்தால், அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, கூரைக்குச் சொன்ன விலையின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சிலருக்கு அது விரயமாகத் தெரியும். புதுத் துணிக்கூரை போட்டுவிட்டு அதைத் திறந்த வெளியில் நிறுத்துவது எனக்கு அதைவிட விரயமாகத் தெரிகிறது.

காப்புறுதியை நம்ப வேண்டாம். தேய்மானத்துக்கு எந்தக் கம்பெனியும் தராது. திருடன் கத்தியால் கிழித்தால் கோரலாம், ஆனால் 55 விழுக்காடு வரை சேர்த்துவைத்த என்சிடி (கோரிக்கை இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். கண்ணாடிக்கென்று தனியாக எடுக்கும் காப்பில் பின் கண்ணாடியும் சேருமா என்று புதுப்பிக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோரிக்கை என்சிடியைத் தொடாது.

## அந்த மூவருக்கும்

அக்கா மகனின் ஓட்டை மடிப்பில்தான் இருந்தது. கம்பி அறுந்து உள்ளே சுருண்டு கிடந்தது. புதுக்கம்பியும் உள்ளொட்டும் போட்டான், இரண்டும் சேர்த்து ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவு. ஆசிரியரின் மினியில் துணிக்கு ஒன்றுமில்லை, ஸ்னோ வாஷ் தண்ணீர் தையலில் இறங்கியிருந்தது. கழுவுவதை மாற்றி, பிப்ரவரிக்காகக் காத்திருக்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பியின் எஸ்2000-இல் நண்பகலில் உட்கார்ந்து அண்ணாந்தபோது வானம் தெரிந்தது. ரப்பர் எங்கும் இல்லை. காடியைப் பத்து வருஷம் விற்கப்போவதில்லை என்றார், நிறுத்துவது கட்டடத்துக்குள். துணிக்கூரைதான், வெட்டித் தைத்து வந்தது. போட்ட பிறகு ஒரு வாரம் திறக்காமல் வெயிலில் காயவிடச் சொன்னேன், புதுத்துணி சட்டத்துக்குப் பழக வேண்டும். முதல் நாள் கூரையை முன்பக்கம் பூட்டும் கொக்கி இறங்கவில்லை என்று பதறிப்போய்ப் போன் செய்தார். நான்காம் நாள் இரண்டு விரலில் இறங்கியதாம்.

பழைய கூரையைக் கடையில் விட்டுவர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். கீழ்மடிப்பில் வெயில் படாத இடம் இன்னும் கெட்டியாக இருந்தது. அதில் உள்ளங்கை அளவு நான்கு வட்டம் வெட்டி டாஷ்போர்டுக்குள் போட்டு வைத்திருக்கிறார், ஒட்டுக்கு.